எரியாமல் போன விறகுதான் புகை: ஊக்கி அடுப்பு, ஓர் எளிய விளக்கம்

நுவரெலியாவில் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவர் போன மார்கழியில் எனக்குப் போன் எடுத்தார். "அண்ணே, வெள்ளக்காரன் அடுப்புல இருக்கிற புகை வடிகட்டி அடைச்சுப் போச்சு. ஒரே கரி. கழட்டி வீசிட்டு அப்படியே எரிக்கவா?"

வீச வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒரு குறையும் இல்லை. 'வடிகட்டி' என்ற அந்த ஒரு சொல்தான் அதைக் கெடுத்து வைத்திருந்தது. வடிகட்டி என்று நினைத்தவர் வடிகட்டியைப் போலவே அதைப் பாவித்திருக்கிறார்.

மலையகத்தில் பழைய பங்களாக்களிலும் விடுதிகளிலும் இப்படியான இரும்பு அடுப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணலாம். கனமான இரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் கூரையைத் தாண்டிப் போகும் குழாய். சமையலுக்கு அல்ல, அறையைச் சூடாக்குவதற்கு. அவற்றுள் ஊக்கி அடுப்பு என்ற வகையில் நெருப்புக்கு மேலே தேனடை போன்ற ஒரு வில்லை இருக்கும். அதைத்தான் தம்பி வடிகட்டி என்றார். விற்பவர்களில் சிலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் அது புகையைப் பிடித்து வைப்பதில்லை, எரிக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபட்டால், அடுப்பை எப்படி மூட்டுவது, எப்படித் துப்புரவாக்குவது, எதை உள்ளே போடக்கூடாது என்பதெல்லாம் தானாகவே புரிந்துவிடும்.

## ஊதுகுழல் காட்டுவது

தோட்டத் தொழிலாளர் லயத்து அடுப்படியில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடத்தின் முதல் பாதி ஏற்கெனவே தெரியும். மழையில் நனைந்த மிலாறை அடுப்பில் வைத்தால் முதலில் வருவது புகைதான். (வெளியூர்க்காரருக்காக: கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைதான் மிலாறு.) கண் எரியும், இருமல் வரும், காம்பரா முழுக்கப் புகை மூடும். அம்மா ஊதுகுழலை எடுத்து நாலு மூச்சு ஊதுவார். 'குப்'பென்று பற்றும். பற்றிய கணமே புகை காணாமல் போய்விடும்.

எங்கே போனது? வெளியே போகவில்லை. எரிந்துவிட்டது.

நம்பாதவர்கள் கரண்ட் போன இரவில் ஒரு மெழுகுதிரியைக் கொண்டு பார்க்கலாம். திரியை ஊதி அணைத்ததும் ஒரு வெள்ளைப் புகை நூல் மேலே எழும். திரியைத் தொடாமல், அந்தப் புகை நூலில் மட்டும் தீக்குச்சியைப் பிடியுங்கள். நெருப்பு புகை வழியே கீழே பாய்ந்து திரியைத் திரும்பப் பற்ற வைக்கும். அந்தப் புகை ஆவியாகிப்போன மெழுகு. அதாவது எரிபொருள்.

விறகும் இப்படித்தான். கட்டையே நேராக எரிவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிறகு 200, 300 பாகை செல்சியஸ் சூட்டில் மரம் உடைந்து வாயுக்களும் தார்போன்ற ஆவிகளும் வெளியேறுகின்றன. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயுக்கள் எரிவதை. அவை போனபின் மிஞ்சும் கரி, தணலாகக் கனிகிறது. விறகிலுள்ள சக்தியில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில்தான் இருக்கிறது. அவை ஒழுங்காக எரிய ஏறத்தாழ 600 பாகைச் சூடும், போதிய ஒட்சிசனும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எரியாமலே குழாய் வழியே போய்விடும். அதற்குத்தான் புகை என்று பெயர்.

சுருக்கமாக: புகை என்பது காசு கொடுத்து வாங்கி, வெட்டி, சுமந்து, அடுக்கி வைத்த விறகில் எரியாமல் தப்பிப்போன பங்கு.

## காற்றை மூடினால் விறகு மிச்சமா?

இரவில் படுக்கப் போகும்போது அடுப்பின் காற்றுத் துவாரத்தை ஏறக்குறைய முழுதாக மூடிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. விறகு விடியும்வரை கனிந்துகொண்டிருக்கும். மிச்சம்தானே?

கட்டை அதிக நேரம் நிற்பது உண்மை. ஆனால் சுவாலை இல்லாமல் கனியும்போது பெட்டிக்குள் 600 பாகை இருக்காது. வாயுக்கள் எரியாமல் மேலே போகும். போகும் வழியில் குழாய் குளிர்ந்திருந்தால் அதன் உட்சுவரில் ஒட்டிக் கறுப்புத் தாராகப் படியும். அதற்குக் கிரியோசோட் என்று பெயர். எரியக்கூடிய பொருள் அது. ஒருநாள் நெருப்பைப் பெரிதாக மூட்டும்போது அந்தப் படிவு பற்றிக்கொண்டால் புகைக்குழாயே தீக்குழாயாகிவிடும். தகரக் கூரையும் பலகைச் சீலிங்கும் உள்ள வீடுகளில் அது என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, மெதுவாகவும் எரிய வேண்டும், புகையும் இருக்கக்கூடாது. சாதாரண அடுப்பில் இந்த இரண்டும் சேர்ந்து நடக்காது. ஊக்கி அடுப்பு வந்தது இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான்.

## சிங்கமலைச் சுரங்கம்

ஊக்கி என்ற சொல்லை விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்போம். தமிழ்நாட்டில் வினையூக்கி என்பார்கள். ஓர் இரசாயனத் தாக்கத்தை எளிதாக நடக்க வைத்துவிட்டு, தான் செலவாகாமல் அப்படியே இருக்கும் பொருள். படித்தபோது எனக்கு இது மந்திரம்போலத்தான் இருந்தது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே ரயிலில் போகும்போதுதான் ஒருநாள் விளங்கியது.

அங்கே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது, அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். சுரங்கம் இல்லையென்றால் ரயில் மலையுச்சிக்கு ஏறித்தான் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவ்வளவு ஏற எஞ்சினுக்குத் தெம்பு போதாது. சுரங்கம் ரயிலைத் தள்ளுவதில்லை, இழுப்பதும் இல்லை. ஒரு ரயில் போனால் சுரங்கம் தேய்ந்துவிடுவதும் இல்லை. புறப்படும் இடமும் போய்ச்சேரும் இடமும் மாறவில்லை. ஏற வேண்டிய உயரம் மட்டும் குறைந்துவிட்டது.

புகை எரிவதற்கு ஏற வேண்டிய மலை 600 பாகை. பலேடியம், பிளாற்றினம் ஆகிய உலோகங்கள் அதற்குச் சுரங்கம் வெட்டித் தருகின்றன. அவற்றின் மேற்பரப்பில் புகையும் ஒட்சிசனும் சந்தித்தால் ஏறத்தாழ 260 பாகையிலேயே எரியத் தொடங்கும். சுவாலைகூடத் தேவையில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்கான விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்த ஹம்ப்ரி டேவி 1817இல் இதைக் கண்டார். நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவைக்குள் சூடான பிளாற்றினக் கம்பியை வைத்தபோது, நெருப்பே இல்லாமல் கம்பி செவ்வனலாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அடுப்புக்கு இது வந்ததோ மோட்டார் வாகனம் வழியாக. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் வாகனப் புகைக்கென்று தேனடை வடிவப் பீங்கான் உருவானது. 1975ஆம் ஆண்டு மொடல்களிலிருந்து அங்கே பெரும்பாலான கார்களில் ஊக்கி பொருத்தப்பட்டது. அதே காலத்தில் எண்ணெய் நெருக்கடியால் மக்கள் விறகுக்குத் திரும்ப, சில ஆண்டுகளில் அந்தத் தேனடை விறகு அடுப்புக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்து விறகுக்குத் திரும்பிய நமக்கு அந்தக் கதை அந்நியமானதல்ல.

## வில்லைக்குள் என்ன இருக்கிறது

இடியப்ப உரலின் அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நேராகப் போகும் துளைகள். அச்சு மெல்லியது, இது சில அங்குலத் தடிப்பு. பீங்கானால் ஆனது, சிலவற்றில் உலோகத் தகட்டாலும் செய்வார்கள். துளைகளின் சுவர்மீது உலோகப் பூச்சு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக. வடிகட்டியாக இருந்தால் துளை நுணுக்கமாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கே சதுர அங்குலத்துக்கு 16 முதல் 25 துளைகள்தான். பென்சில் முனையை நுழைக்கலாம்போல அகலம். (கார் ஊக்கியில் 400 அளவில் இருக்கும்.) புகை தடையில்லாமல் புகுந்து போக வேண்டும், போகும்போது சுவரைத் தொட வேண்டும், தொட்ட இடத்தில் எரிய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த எரிதலிலிருந்தும் சூடு வருகிறது. அதனால் ஒருமுறை வேலை தொடங்கிவிட்டால் வில்லை தன்னைத்தானே சூடாக வைத்துக்கொள்ளும். கீழே கட்டை சுவாலையின்றிக் கனிந்துகொண்டிருக்கும்போதும், மேலே வில்லை 500, 600 பாகையில் புகையைத் தின்றுகொண்டிருக்கும். சில நேரம் செந்தணலாக மின்னும். மின்னாவிட்டால் பழுது என்று நினைக்க வேண்டாம். மின்னாமலும் அது வேலை செய்யும்.

வெளியே வருவது பெரும்பாலும் நீராவியும் காபனீரொட்சைட்டும். குளிர்ந்த காலையில் குழாய்க்கு மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்து, கொஞ்சத் தூரத்தில் கரைந்து போனால் அது நீராவி. கரையாமல் நீலமாக இழுத்துக்கொண்டு போனால் புகை.

சுருக்கமாக: வில்லை எதையும் சேர்த்து வைப்பதில்லை. அதற்கு 260 பாகை வேண்டும். அந்தச் சூடு வராதவரை அது வெறும் பீங்கான் கட்டி.

## பைபாஸ் தட்டு: தம்பி விட்ட பிழை

வில்லை குளிராக இருக்கும்போது புகையை அதனூடாக அனுப்பினால் என்ன ஆகும்? எரியாது. துளைச் சுவரில் கரியாகப் படியும். குழாய் புகையை மேலே இழுக்கும் இழுவையும் குறைந்து அறைக்குள்ளே புகை திரும்பும். இதற்காகத்தான் அடுப்பில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. திறந்தால் புகை வில்லையைத் தொடாமல் நேரே குழாய்க்குப் போகும், மூடினால் வில்லை வழியாக மட்டுமே போகும். ஊருக்கு வெளியே போகும் பைபாஸ் ரோட்டு மாதிரி என்பதால் பைபாஸ் தட்டு என்றே அழைப்போம்.

மூட்டும்போது பைபாஸ் திறந்திருக்க வேண்டும். காய்ந்த மிலாறு இதற்கு அருமையானது, சட்டென்று பற்றிச் சூட்டைக் கொடுக்கும். காற்றை முழுதாகத் திறந்து நல்ல சுவாலை வரவிடுங்கள். அடுப்பின் மேலே வில்லைக்கான வெப்பமானி இருக்கும். முள் 260ஐத் தாண்டியதும் பைபாஸை மூடுங்கள். குளிர்ந்த அடுப்பில் இதற்கு இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். மூடியபின்னும் ஒரு கால் மணி நேரம் நெருப்பைப் பலமாக வைத்திருந்து, பிறகு காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

விறகு போடும்போது வரிசை தலைகீழ். முதலில் பைபாஸைத் திறந்து சில விநாடி பொறுத்து, அதன்பின் கதவைத் திறக்க வேண்டும். பைபாஸ் மூடியபடி கதவைத் திறந்தால் புகை முகத்தில் அடிக்கும், குளிர்க்காற்று கொதிக்கும் வில்லையில் மோதும். பீங்கான் திடீர்க் குளிர்ச்சியைத் தாங்காது. சூடான கண்ணாடிக் கிளாசில் பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அந்தத் தம்பி என்ன செய்திருக்கிறார் தெரியுமா? 'வடிகட்டி' என்பதால் ஒரு துளிப் புகைகூட வீணாக வெளியே போகக்கூடாதென்று, தீக்குச்சியை உரசும்போதே பைபாஸை மூடியிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஒரு மாதத்தில் வில்லை முழுக்கக் கரி. நான் போனதும் பைபாஸைத் திறந்து வைத்து, காய்ந்த விறகாகப் போட்டு ஒரு மணி நேரம் பலமாக எரித்து, பிறகு மூடினோம். ஒட்டியிருந்த கரியே எரிந்துபோய் மறுநாள் துளைகள் பாதிக்கு மேல் திறந்திருந்தன. மிச்சத்துக்கு ஒரு பெயின்ட் பிரஷ் போதுமானதாக இருந்தது.

## ஈரம்

மலையகத்தில் இந்த அடுப்புக்கு உண்மையான எதிரி ஈரம்தான். பச்சை மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஐந்து கிலோ பச்சை விறகைப் போடுவது, இரண்டரை லீற்றர் தண்ணீரை நெருப்பில் ஊற்றுவதற்குச் சமம். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூடு செலவாகிப் போனால் வில்லை 260ஐ எட்டுவது எப்படி? கொதிக்கும் வில்லைமீது அந்த நீராவி திடீரென அடித்தால் விரிசலும் விழலாம்.

விறகில் ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்க இரண்டு ஊசி வைத்த சிறிய மீற்றர் கிடைக்கிறது. கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்ப்பது ஏமாற்று வேலை. கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்த வேண்டும். மீற்றர் இல்லையென்றால் ஒரு புதுக் கட்டையை நிறுத்து, எடையைச் சோக்கால் அதிலேயே எழுதி வையுங்கள். பாதி தண்ணீரோடு வந்த ஒரு கிலோக் கட்டை 625 கிராமுக்கு இறங்கும்போது ஈரம் 20 வீதம். கணக்கு எளிது: மரம் 500 கிராம், தண்ணீர் 125.

நுவரெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர்வரை நிற்கும், மழையில்லாத நாளிலும் மூடுபனி. திறந்த வெளியில் அடுக்கினால் மேல்வரிசை காயும்போது அடிவரிசையில் காளான் முளைக்கும். நிலத்தைத் தொடாமல் இரண்டு மரக்கட்டைமேல் அடுக்கி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுங்கள். படங்கால் முழுவதையும் போர்த்திவிடுவதுதான் இங்கே நான் அதிகம் காணும் பிழை. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே வியர்க்கும். யூக்கலிப்டஸ் அடர்த்தியான மரம். வெட்டிய உடனே பிளந்து அடுக்கினாலும் ஒரு வருடமாவது கொடுக்க வேண்டும், தடித்த கட்டைக்கு இரண்டு. பைனஸ் விரைவில் காயும். பிசின் மரம் என்று அதை ஒதுக்குகிறார்கள், காய்ந்த பைனஸில் ஒரு குற்றமும் இல்லை. ஈரப் பைனஸ்தான் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

உயரத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் காற்று மெலிந்தது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதும், பருப்பு வேகத் தாமதிப்பதும் இதனால்தான். மெலிந்த காற்றில் குழாயின் இழுவையும் குறையும். ஆகவே பெட்டியோடு வந்த கையேடு சொல்லும் குழாய் உயரத்தை இங்கே குறைந்தபட்ச அளவாகத்தான் கொள்ள வேண்டும்.

## ஊக்கிக்கு நஞ்சு

சில பொருட்கள் உலோகப் பூச்சோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சுரங்கத்தின் வாயில் பாறை விழுந்த மாதிரி. ஈயம், கந்தகம், பொஸ்பரஸ் போன்றவை. இலங்கையில் 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு இங்கே கார்களில் ஊக்கி வைத்துப் பயனில்லை, ஈயம் அதைக் கொன்றுவிடும்.

அடுப்பில் அதே வேலையைச் செய்வது பழைய வர்ணப் பலகை, பூச்சிமருந்து ஏற்றிய மரம், பிளைவூட், பிளாஸ்டிக், பால்மாப் பைக்கட், பளபளப்புக் கடதாசி, நிலக்கரி. லயத்தைத் திருத்தும்போது கழற்றிய கதவு நிலைகளை 'நல்ல காய்ந்த மரம்' என்று பங்களா அடுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். காய்ந்ததுதான், ஆனால் அதன் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வெறும் விறகு மட்டும். குப்பைக்குக் குழி இருக்கிறது.

## துப்புரவும் கவனிப்பும்

குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை வில்லையைப் பாருங்கள். அடுப்பு இரவு முழுவதும் ஆறிய பிறகுதான். சாம்பல்தூள் துளைகளில் தங்கியிருந்தால் மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள், அல்லது வக்கியூமால் மெதுவாக உறிஞ்சுங்கள். கம்பியால் குத்துவதும், கொம்பிரசர் காற்று அடிப்பதும், தேங்காய்ப்பொச்சால் தேய்ப்பதும் கூடாது. பூச்சு உரிந்துவிடும். வில்லையை வெளியே எடுத்தால் அதைச் சுற்றியிருக்கும் மெத்தை கிழியும். புதியது கையில் இல்லாமல் கழற்ற வேண்டாம்.

கதவைச் சுற்றியுள்ள கேஸ்கட் கயிறு இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு 20 ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது, கயிறு மாற்ற வேண்டும். புகைக்குழாயை வருடம் ஒருமுறையாவது தேய்த்து இறக்குங்கள்.

சாம்பலை அள்ளி மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். தணல் சாம்பலுக்குள் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் வாளியில் அள்ளி இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துவிட்டுத் தூங்கப் போனால் லய வரிசை முழுவதும் எரிந்துபோகலாம். ஆறிய சாம்பல் லீக்ஸ் பாத்திக்கு நல்லது.

வில்லைக்கும் ஆயுள் உண்டு. ஒழுங்காக நடத்தினால் பத்தாயிரம் மணி நேரமோ அதற்கு மேலோ. பைபாஸ் மூடியும் முள் ஏறவில்லை, காய்ந்த விறகுக்கும் குழாயில் நீலப்புகை வருகிறது, தூசி தட்டியும் மாற்றமில்லை என்றால் அதன் காலம் முடிந்தது.

## யாருக்கு இது வேண்டும்

லயத்து அடுப்படிக்கு இது இல்லை. அங்கே தேவை சமைக்கும் அடுப்பு. புகையைக் குறைக்க 1980களிலிருந்து நாட்டில் பரவிய இரட்டை வாய் அனகி மண்ணடுப்பும், அதோடு ஒழுங்கான ஒரு புகைபோக்கியும் இதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு மணக்காது, தூங்கியவரை எழுப்பாது. குழாய் உள்ள அடுப்பானாலும் அறையில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று இருக்கட்டும்.

பங்களா, விடுதி நடத்துபவர்களுக்கு என் அபிப்பிராயம் வேறு. நம் குளிர் கனடாக் குளிர் அல்ல. தையில் புல்லில் பனி உறைந்தாலும், அறைக்குத் தேவை கொஞ்சச் சூடு நீண்ட நேரம். சாதாரண அடுப்பு அந்தக் கொஞ்சச் சூட்டில்தான் அதிகம் புகைக்கும், ஊக்கி அடுப்போ அதில்தான் தன் திறமையைக் காட்டும். ஆனால் வாங்கப் போகும்போது அடுப்பின் விலையைக் கேட்பதற்கு முன், மாற்று வில்லையின் விலையையும் அது வந்துசேர எத்தனை மாதம் ஆகும் என்பதையும் கேளுங்கள். கடைக்காரர் "எந்த வில்லை, அந்த வடிகட்டியா?" என்று கேட்டால் வேறு கடை பாருங்கள்.